ஏழு தடவை

"முடியாது சிஸ்டர், நான் அதைத்தான் எழு—"

"கூடாதுன்னா கூடாது. ஹஜ்ஜைப் பத்தி எழு—"

"கூரை மேல சிலுவை. உங்க கழுத்துல சிலுவை. என் கழுத்துலயும் ஒண்ணு தொங்குது. ஆனா நான் மக்காவைப் பத்தி எழுதணும்! வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பதினெட்டு மார்க் வந்தா நீயும் கூடச் சேர்ந்து சிரி."

ஹாரிஸ் பார்க் பெண்கள் பள்ளியில் மணி அடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமயப் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரி சிஸ்டர் அதேலும், அவருடைய மாணவி ரிண்டாலாவும் மட்டும் வகுப்பை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை. கட்டுரைக்கு இரண்டு தலைப்புகள்; ஒன்றை எழுதினால் போதும். முஸ்லிம்களின் ஹஜ் வழிபாடு ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பைப் பற்றிக் கிறிஸ்தவ அறநெறி சொல்வது மற்றொன்று. மாதிரித் தேர்வில் ரிண்டாலாவுக்கு முதலாவதில் இருபதுக்குப் பதினெட்டு, இரண்டாவதில் ஒன்பது. பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஒன்பது மார்க்குக்கு அந்தக் கதவு திறக்காது.

"பதினெட்டு எப்படி வந்துச்சு?" என்றார் சிஸ்டர்.

"ஜைனப் வீட்டுல போய்க் கேட்டேன். அவங்க அம்மா ஹஜ் போயிட்டு வந்தவங்க. மக்காவுல சஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் நடுவுல ஓடுவாங்கன்னு புத்தகத்துல இருக்கில்ல? ஆம்பளைங்கதான் கொஞ்ச தூரம் ஓடுவாங்களாம். பொம்பளைங்க நடந்துதான் போவாங்களாம். கைக்குழந்தைக்குத் தண்ணி தேடி ஹாஜரா ஏழு தடவை ஓடினாங்களே, அது எல்லாப் பொம்பளைக்கும் சேர்த்து ஓடினதாம். இனிமே யாரும் ஓட வேண்டாமாம்."

சிஸ்டர் மேசை மேல் கிடந்த அவளுடைய ஹஜ் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அதை அப்படியே எழுது."

"அது ஹாஜரா கதை. நான் என் கதையை எழுதறேன். நான் கிளினிக்குல உண்டானவ. எங்கம்மா அதை ஒளிச்சதே இல்ல. அதுக்கு நீங்க போட்டது ஒன்பது!"

"உன் கதையை யாரு கேட்டா? திருச்சபை என்ன சொல்லுதுன்னு கேள்வி. நீ திருச்சபையோட மூணு பக்கம் சண்டை போட்டிருக்க. சண்டைக்கு மார்க் கிடையாது."

"அப்ப நான் பிறந்ததே தப்பா?"

"வழி சரியில்லேன்னுதான் சொல்லுது. எப்படி வந்தாலும் குழந்தை கடவுளோட கொடைன்னு அதே பக்கத்துல இருக்கு. அந்த வரியை நீ விட்டுட்ட."

"அழகா இருக்கு! பஸ்ஸைத் திட்டிட்டு, அதுல வந்து இறங்கினவளுக்கு முத்தம் குடுக்கற மாதிரி."

சிஸ்டருக்குச் சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. "அதையும் பரீட்சையில எழுதித் தொலைக்காதே."

"சிரிக்காதீங்க சிஸ்டர். உங்களுக்கு என்ன தெரியும்? ஊசி போட்டுப் போட்டு எங்கம்மா வயிறே நீலமாயிடுச்சாம். ஆறு தடவை ஒண்ணுமில்லேன்னு அழுதுக்கிட்டே திரும்பி வந்திருக்காங்க. உங்களுக்கு மணி அடிச்சா ஜெபம், மணி அடிச்சா சூப்பு. அந்த மாதிரி ஒரு கிளினிக் வாசலை ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

சிஸ்டர் திரும்பிக்கொண்டார். ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை இன்னொரு முறை துடைத்தார்.

"தெருவரைக்கும் கேக்குது உன் தொண்டை!"

வாசலில் ரிண்டாலாவின் அம்மா மர்லீன். கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். சட்டைக் கையில் மாவு. அவர்களுடைய ரொட்டிக் கடை அடுத்த தெருவில்தான்.

"நீயே சொல்லும்மா. கிளினிக் வாசலைக்கூடப் பாக்காதவங்க எனக்கு ஒன்பது போடறாங்க!"

மர்லீன் சிஸ்டரைப் பார்த்தாள்.

"வேண்டாம், மர்லீன்" என்றார் சிஸ்டர், திரும்பாமலே.

"பதினெட்டு வருஷமா வாயைத் திறக்கலையே, சிஸ்டர். என் பொண்ணே உங்களைத் திட்டறா. இன்னும் எப்படிச் சும்மா இருக்கறது?" பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு மகளிடம் திரும்பினாள். "ஏண்டி, ஏழு தடவை போனேன்னு சொல்லியிருக்கேன். எப்படிப் போனேன்னு என்னைக்காவது கேட்டியா?"

"அப்பா கூட்டிட்டுப் போயிருப்பார்."

"உங்கப்பாவா? அடுப்பை விட்டு அவர் எங்க வந்தார்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் கார் ஓட்ட வராது. ஏழு தடவையும் மடத்துக் கார்தான். இதே வெள்ளை உடுப்போட, அந்த கிளினிக் வாசல்லயே ஜெபமாலை உருட்டிக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருந்தது யாருன்னு, அதோ, அவங்களையே கேளு."

சிஸ்டர் அதேல் ரொட்டிப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். முடிச்சு அவிழவில்லை. காதுமடல் வரை சிவந்திருந்தது.

ரிண்டாலா மேசை மேல் கிடந்த ஹஜ் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு சிஸ்டருக்கு மிக அருகில் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏழு தடவையும் மடத்துல என்ன பொய் சொல்லிட்டு வந்தீங்க, சிஸ்டர்?"