எல்லாமே இம்போர்ட்டட்

டல்லாஸ் ஹரிபாபுவுக்குக் கால் செருப்பிலிருந்து வாயில் போடும் பாக்கு வரை எல்லாமே இம்போர்ட்டட் என்று நகரி முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான்.

பாறை ஏறுவதற்கென்றே சகலை ரங்கன் செய்திருந்த ரிமோட் பொம்மை லாரியை அவன் செருப்புக் காலால் புரட்டினான்.

"இன்னா சகல, குப்பைத்தொட்டிக்குச் சக்கரம் வச்சிக்கிறியா?"

"பவர்லூம் பல்சக்கரம் போட்டேன். முன்சக்கரத்துல ஈயம் ஊத்திக்கிறேன், பாறையைக் கவ்விக்கினு ஏறும்."

"தறி ஓட்டறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? என் ரிமோட் வண்டி அமெரிக்காவுல சொல்லிச் செஞ்சது, ஏழுமலையும் ஏறும். போட்டிக்கு வரியா? நீ தோத்தா இதைக் காயலான் கடையில போடணும்!"

இரண்டு வருட உழைப்பு. ரங்கன் லாரியை நிமிர்த்தி வைத்தான். "நீங்க தோத்தா திருமலையில மொட்டை!"

ஹரிபாபு தன் அடர்ந்த கிராப்பைத் தடவிக்கொண்டான். "நீயாவது ஜெயிக்கிறதாவது!"

ஊர்க்கோடிப் பாறையில் அமெரிக்க வண்டி பாதியிலேயே மல்லாந்தது. ரங்கன் வண்டி பல்லி மாதிரி ஊர்ந்து உச்சியில் போய் நின்றது.

மறுநாள் திருமலை. "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று நழுவியவனை ரங்கன் பிடித்து உட்கார வைத்தான். நாவிதர் தண்ணீர் தடவிக் கையை எடுத்தார். கிராப்பு மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

"டோப்பாவா சகல!"

பளபளத்த தலையோடு ஹரிபாபு சீறினான். "லோக்கல் சரக்கு இல்ல! அமெரிக்காவுல வாங்கினது, அசல் முடி!"

"அசல்தான் சார்" என்றார் நாவிதர். "இங்க எடுக்கிற முடிதான் ஏலத்துல போயி, கப்பலேறி, டோப்பா ஆவுது."

ஹரிபாபு கையை நீட்டினான்.

"சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாது சார்" என்று அதை எதிரே இருந்த முடிக் குவியலில் போட்டார்.