ஜீப்பில் ஒரு வடக்கத்தி

"இந்த வடக்கத்திய எதுக்குடா ஏத்துன? எறக்கி விடு!" ஜீப்பின் பின்சீட்டில் இருந்தபடியே உக்கிரபாண்டி கத்தினார்.

"எஸ்டேட்டு வேலைக்குப் போற பொண்ணுண்ணே. போற வழிதான," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான் டிரைவர் சுருளி.

எதிரே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வகிடு நிறையச் செந்தூரம், கை நிறையச் சிவப்பு வளையல். யார் பார்த்தாலும் சிரித்தாள்.

உக்கிரபாண்டிக்கு வெளியூர் முகத்தைக் கண்டாலே ஆகாது. 'மண் காக்கும் படை' என்று ஒன்றை வைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து தோட்ட வேலைக்கு வருகிறவர்களை விரட்டுவதுதான் அவர் சோலி. போன வாரம் சோம்ரா என்ற ஜார்க்கண்ட் பையன் ஏலத்தோட்டத்தில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். பக்கத்துப் பாறையில் 'வந்தேறியே ஓடு' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

கூட வந்த மொக்கச்சாமி அவர் காதோரம் குனிந்தான். "மாமா, போடிக்கு வந்திருக்குற புது இன்ஸ்பெக்டர் ரொம்பத் தோண்டுறாராம். அந்த இரும்புக் கம்பிய..."

"பொறு மாப்ளே." உக்கிரபாண்டி அவள் பக்கம் திரும்பித் திடீரென்று அலறினார். "ஏ புள்ள, ஒந் தோள்ல பூரான்!"

அவள் தோளைப் பார்க்கவே இல்லை. "ஹாங் ஜி?" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா? ஒரு எழுத்துத் தெரியாது. இப்பப் பேசு."

"கம்பிய எங்க வச்சீக?"

"நம்ம ஸ்டோர்லதான். ஏலக்கா காயவைக்கிற அடுப்புக்குப் பின்னால, வெறகுக்கு அடியில. எவன் வந்து பாக்கப்போறான்?"

மொக்கச்சாமி குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பய கடைசி வரைக்கும் 'அண்ணே, அண்ணே'ன்னு தமிழ்லதான் மாமா கத்துனான்."

"என்னைய அண்ணேங்குறதுக்கு அவன் யாருடா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே சின்னதாகத் தெரிந்த போடியைப் பார்த்தாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க, பெரிய பள்ளம்!" முன்னாலிருந்து சுருளி குரல் கொடுத்தான். அவள் சட்டென்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். நினைப்பு எங்கேயோ இருந்த மொக்கச்சாமிதான் அரிசி மூட்டை மேல் குப்புற விழுந்தான்.

போடிமெட்டு செக்போஸ்டில் போலீஸ் கை காட்டி ஜீப்பை நிறுத்தியது. எஸ்.ஐ. செழியன் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

உக்கிரபாண்டி முந்திக்கொண்டார். "சார், நாங்க தலைமுறை தலைமுறையா இந்த மண்ணுல கெடக்குறவங்க. எங்கள விடுங்க. மொதல்ல இவளுக்கு எந்த ஊருன்னு கேளுங்க!"

செழியன் எதுவும் கேட்கவில்லை. விறைப்பாக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். "வாங்க, இன்ஸ்பெக்டர் மேடம்."

"இவர் ஸ்டோருக்கு ஆள அனுப்புங்க செழியன். அடுப்புக்குப் பின்னால பாக்கச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் பவதாரணி வளையல்களைக் கழற்றிக்கொண்டே கீழே இறங்கி, உக்கிரபாண்டி பக்கம் திரும்பினாள்.

"நமக்கு ஊரு, போடிக்குப் பக்கத்துல சிலமலைதாங்க. எறங்குங்க, போவம்."