இறக்கை மீட்டர்

வானத்திலிருந்து விழாமல் இருப்பதன் விலை, கிலோவுக்கு நான்கு ரூபாய். கிளைடர் டாக்சியின் இறக்கை எவ்வளவு பாரம் தாங்குகிறதோ, அவ்வளவுக்கு மீட்டர் ஓடும்.

மகனுக்குப் பெண் பேசக் கிளம்பிய தூத்துக்குடி உப்பு வியாபாரி ஆவுடையம்மாள், ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டர் இரட்டிப்பாக எகிறுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏல செல்வின், இப்படிச் சாய்ச்சுச் சாய்ச்சுத் திருப்பி யாரு முடிச்சை அவுக்கப் பாக்க?"

"சாஞ்சு திரும்புனா இறக்கைக்குப் பாரம் கூடும்லா, பெரியம்மா," என்றான் ஓட்டுநர்.

"அப்போ நாம கீழ விழுந்தா?"

"பாரமே இல்ல. மீட்டர் நின்னுரும்."

"பெறவென்ன? விழு!"

தரை நெருங்கும்வரை விழுந்துகொண்டே போனார்கள். வரவேற்க வந்த பெண்ணின் அப்பாவுடைய வெள்ளை வேட்டியில், ஆவுடையம்மாள் காலையில் சாப்பிட்ட பணியாரம் முழுவதும் இறங்கியது.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் பார்த்தார். வாடகையில் மிச்சம் முந்நூற்று இருபது ரூபாய். கைவிட்டுப் போனது, ஒரு மருமகள்.