லவுட்ஸ்பீக்கர்

“டெல்மார் செட் வேண்டாம். சோரன் கொடுங்க.”

ஹாம் ரேடியோ கடைக்காரர் தூசி தட்டுவதை நிறுத்தினார்.

“உங்க வீட்டுக்காரர் முன்னாடியே டெல்மார்தான் வேணும்னு சொல்லி வெச்சிருக்காரும்மா. அவருக்காகவே வரவழைச்சேன்.”

“தெரியும். மாத்திக் கொடுங்க.”

பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களில் அவள் கணவரைத் தெரியாதவர் கிடையாது. பட்டப்பெயரே லவுட்ஸ்பீக்கர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். கடல் தாண்டி எவனோ ஒருவன் கிடைத்தாலும் மாமன் மச்சானாக்கிவிடுவார். கொஞ்ச காலமாகத்தான் வானலையில் ஆளையே காணோம்.

“டெல்மார்ல குரல் கணீர்னு போகும். சோரன், தந்தி மாதிரி கட் கட்டுன்னு தட்டிச் சேதி அனுப்பறவங்களுக்குத்தான் லாயக்கு. அதுன்னாலே அவருக்கு ஆகாது. ‘வாய் இருக்கும்போது விரல் எதுக்குய்யா’ம்பார்.”

“அதான் வேணும். மைக்கை நீங்களே வெச்சுக்குங்க.”

உள்ளே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் முணுமுணுத்தான்.

“மனுஷனுக்கு வாய்ப்பூட்டே போட்டாச்சு அண்ணே.”

அது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. கடைக்காரருக்கும் மனசு கேட்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நாள் பூரா வேலை பார்த்துட்டு வந்து நாலு பேர்கிட்ட பேசறதுதான் அவருக்கு உயிர். அதையும் பிடுங்கிட்டா எப்படி?”

அவள் சோரன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தட்டற கீ ரெண்டு போடுங்க.”

“ஒரு செட்டுக்கு ஒண்ணு போதுமே.”

“இன்னொண்ணு எனக்கு. கத்துக்கிட்டு இருக்கேன்.”

“உங்களுக்கா? நீங்க யார்கிட்டம்மா பேசப் போறீங்க?”

அவள் விரல் மேஜைமேல் ஒருமுறை தட்டியது. நெடில், குறில், மறுபடி நெடில். தப்பாகிவிட்டது போலிருக்கிறது, முதலிலிருந்து தட்டினாள்.

“அவருக்குத் தொண்டையில புற்றுநோய். குரல்வளையை எடுத்துட்டாங்க.”

உள்ளே மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றுபோனது. கடைக்காரர் இரண்டாவது கீயையும் எடுத்துப் பெட்டிமேல் வைத்தார்.

“பகல்ல ஸ்லேட்டுல எழுதிக் காட்டிடறார்” என்றாள் அவள், பெட்டியைத் தூக்கியபடி. “படுத்து விளக்கை அணைச்சப்புறம்தான் அவர் எங்கிட்ட மனசு விட்டுப் பேசுவார். இருட்டுல ஸ்லேட்டைப் படிக்க முடியலையே.”