பின்பக்கப் பாரம்
கார்கள் நின்றுபோன மழைத்தண்ணீரைத் தச்சரின் பிக்கப் வண்டி எளிதாகக் கடந்துவிடுகிறது. தெருமுனைச் சேற்று மேட்டில்தான், சுமையில்லாத பின்பக்கம் வழுக்கி, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. பக்கத்து இருக்கையில் பிரசவ வலியோடு தங்கை. "முடியலண்ணா." "இதோ போயிடலாம்மா." மறுபடி மிதிக்கிறார், சேறுதான் தெறிக்கிறது. இந்த வண்டி தெருவையே அடைக்கிறது என்று அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்ட தையல்காரர், வீட்டுக் கதவைத் திறந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி வருகிறார். "பின்னாடி பாரமே இல்ல, அதான் சக்கரம் பிடிக்கல." மனைவியையும் மச்சானையும் கூப்பிட்டுக்கொண்டு பின்தொட்டியில் ஏறுகிறார். மூவரும் சக்கரங்களுக்கு மேலாக நெருங்கி உட்காருகிறார்கள். வண்டி உறுமுகிறது, தயங்குகிறது, மெல்லப் பிடித்து மேடேறுகிறது. அவர்களை இறக்கிவிடத் தச்சர் வேகத்தைக் குறைக்கிறார். தையல்காரர் கூரையைத் தட்டுகிறார். "நிறுத்தாதீங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் சேறுதான்."