பரணில் வற்றிய மது

இத்தாலியில் டஸ்கனிப் பக்கம், ஒரு வீட்டுப் பரணில், வின் சாந்தோ என்னும் திராட்சை மது சின்னப் பீப்பாய்க்குள் ஏழு வருஷம் அடைபட்டிருந்தது. ஓட்டு வெயிலிலும் பனியிலும் கனவு கண்டபடியே அது வற்றிக்கொண்டு வந்தது.

"திருட்டுப் பயலே, என்னைக் குடிப்பது நீதானே?" என்று பீப்பாயைக் கேட்டது.

"நான் ஒரு வாய்தான், அண்ணே. மற்றதெல்லாம் காற்று."

"திறக்கிற நாளில் நான் மிஞ்சுவேனா?"



திறந்தபோது பாதிதான் இருந்தது. மது கூச்சத்தோடு ஒரு கிண்ணத்தில் இறங்கியது. தட்டில் கிடந்த பாதாம் பிஸ்கட் எட்டிப் பார்த்தது.

"என்னை இரண்டு தடவை சுட்டுக் கல்லாக்கிவிட்டார்கள், அண்ணே. எந்தப் பல்லும் சீந்தவில்லை. ஒரு முழுக்குப் போட இடம் உண்டா?"

"வா" என்றது மது.

பிஸ்கட் முங்கி மெல்ல இளகியது. கிண்ணத்தில் மது மறுபடியும் குறைந்தது. யார் குடித்தது என்று இந்தத் தடவை அது கேட்கவில்லை.