கருவாட்டுக்கு விடுதலை

முதுகு அரித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் அரிக்கிறது. அப்படியென்றால் ஆள் சிக்கிவிட்டான்.

டாக்டரம்மா அவள் முதுகில் சோதனைக்காக ஒட்டியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தார். இரண்டு நாளாகக் குளிக்காமல், மல்லாந்து படுக்காமல் காத்த முதுகு.

விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கி ஒரு வருடம். கண்ணிமைகூடத் தடித்துவிடும்.

கரப்பான், சாப்பாட்டால் வருவது என்று வீடே தீர்ப்பு எழுதியது. கத்தரிக்காயை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். தூத்துக்குடியில் பிறந்துவிட்டுக் கருவாட்டை நிறுத்துவது சும்மா இல்லை. பக்கத்து வீட்டில் வறுத்தால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ரசச்சோறு தின்றாள்.

புருஷன் அமலனும் கூடவே நிறுத்தினான். பாவம்.

டாக்டரம்மா முதுகைப் படமெடுத்துக் காட்டினார். எல்லா இடமும் சுத்தம். ஓரிடத்தில் மட்டும் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள்.

அக்ரிலேட்.

நகத்துக்குப் பூசும் ஜெல்லில் இருப்பது. தன் பெயரிலேயே போர்டு வைத்து அவள் நடத்தும் நக அலங்காரக் கடையில் அலமாரி நிறைய இருப்பது. கையுறையையும் தாண்டி உள்ளே போகுமாம். இனி அதைத் தொடவே கூடாதாம்.

“அப்ப கருவாடு, டாக்டர்?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “தாராளமா சாப்பிடுங்க. அது ஒண்ணும் பண்ணல.”

அதற்குப் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை.

மார்க்கெட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நெத்திலியைக் கை நிறைய அள்ளி மோந்து பார்த்தாள். ஒரு வருடமாக வீண்பழி சுமந்த மீன். மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

அமலனுக்குப் போன் போட்டாள். புளியை மட்டும் ஊற வை என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வந்து மணக்கட்டும்.

தராசு பிடித்திருந்த அக்கா அவள் விரல்களையே பார்த்தாள். தன் கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று இவள் தன் நகங்களுக்கும் அந்த ஜெல்லைப் பூசியிருந்தாள்.

“நெகத்துல என்னம்மா போட்டுருக்க, கண்ணாடி கணக்கா மினுங்குது. என் மவளுக்கு வார மாசம் கல்யாணம். அவளுக்கும் நீயே போட்டு விட்டுருதியா?”

யார் கேட்டாலும் அவள் வாய் தானாகச் சொல்லும். கையை மட்டும் கொண்டாங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.

வாய் திறந்தது.

இனி தொடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

தராசு ஆடி நின்றது.

அவள் பையை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.

“இன்னொரு கால் கிலோ போடுங்கக்கா.”